காம்பு கிள்ளிய வெற்றிலை

மகனே,

விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் எதிரில் உட்கார்ந்து நாள் முழுக்க அடுத்தவர்களுக்கு மனு டைப் அடிக்கிறவள் நான். பட்டா மாறுதலோ, முதியோர் பென்ஷனோ, பாதைத் தகராறோ, எதுவாக இருந்தாலும் முதல் வரியில் 'பணிவுடன்' என்று போட்டுவிட்டுத்தான் விஷயத்துக்கு வருவேன். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் இருக்காது, தேடாதே. போனில் சொல்லிப் பார்த்தேன். "அத ஏம்மா இப்பக் கிளறிக்கினு இருக்க? வளைகாப்பு நல்லபடியா முடியட்டும், அப்பறம் பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டாய். மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. சரி, எழுதுகிறேன். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது.

விஷயம் இதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டில் உன் பெண்டாட்டிக்கு வளைகாப்பு. அன்று சாயங்காலமே சரண்யாவை அவள் அப்பா அம்மா திண்டிவனத்துக்கு அழைத்துப் போய்விடுவார்கள். தலைப்பிரசவம் அங்கே. நீ பிறக்கும்போதே குடலில் ஒரு கோளாறோடு பிறந்தவன் என்பதும், ஒன்றுக்கு மூன்று ஆபரேஷன் செய்துதான் உன்னைப் பிழைக்க வைத்தோம் என்பதும் அவளுக்குத் தெரியாது. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் அது வரலாம் என்பது தெரியாது. அவளைப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாது. அவளிடம் சொல்லக்கூடிய இடத்தில் இருப்பவர்கள் நீ, நான், உன் அப்பா, உன் அப்பாவின் அக்கா கன்னியம்மா. நாலு பேரும் வாயில் கொழுக்கட்டையோடு உட்கார்ந்திருக்கிறோம். அவள் வண்டி ஏறுவதற்கு முன்னால் நீ அவளிடம் சொல்லிவிட வேண்டும். பேச வாய் வரவில்லை என்றால் இந்தக் காகிதத்தையே அவள் கையில் கொடு. அதற்காகத்தான் உனக்குத் தெரிந்ததையும் தெரியாததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன்.

கல்யாணத்தின்போது நானும் வாயை மூடிக்கொண்டவள்தான். உன் வயிற்றில் இருக்கும் தழும்பைப் பற்றிப் பெண் வீட்டார் கேட்டதற்கு "சின்ன வயசுல குடல்வால் ஆபரேஷன்" என்று நீ சொன்னாய், நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். குடல்வால் வலது பக்கம் இருக்கும், உன் தழும்பு இடது பக்கம் இருக்கிறது. கார், பைக், சம்பளம், பூர்வீக நிலம் என்று துருவித் துருவி விசாரித்த உன் மாமனார் வீட்டில் ஒருத்தருக்கும் இது உறைக்கவில்லை. அன்றைக்கு நான் தலையாட்டியதற்கு இப்போதும் வருத்தப்படவில்லை. உன் உடம்பு உன்னுடையது. யாரிடம் எதைச் சொல்வது என்பது உன் இஷ்டம். ஆனால் இப்போது பேசுவது உன் உடம்பைப் பற்றி மட்டுமல்ல. வாய் திறந்து எதையும் சொல்ல முடியாத ஒரு ஜீவன் வரப்போகிறது. அதற்காகப் பேச வேண்டியவன் நீ.

எனக்குத் தாய் வீடு என்று போவதற்கு இடம் இருந்ததில்லை. நான் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா போய்விட்டாள். அதனால் கன்னியம்மா அண்ணிதான் என்னைத் திண்டிவனத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப்போய் வைத்துக்கொண்டார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு தனியார் நர்சிங் ஹோமில் சுகப்பிரசவம். நீ நன்றாக அழுதாய். எடை பார்த்தார்கள், துணியில் சுற்றினார்கள், ஆண் பிள்ளை என்று சாக்லேட் கொடுத்தார்கள். நடக்க வேண்டியது ஒன்றுதான் நடக்கவில்லை. பிறந்த குழந்தை ஒரு நாளைக்குள் கரும்பச்சையாக, தார் மாதிரி முதல் மலம் போக வேண்டும். நீ போகவில்லை. எனக்கு அது முக்கியம் என்று தெரியாது. ஆனாலும் ஏதோ தோன்றிக் கேட்டேன்.

"சிஸ்டர், கொழந்த இன்னும் வெளிக்கே போவலங்க."

"குடிச்சாத்தான போவும்? மொதல்ல பால ஒழுங்கா குடு."

பழி உடனே என் மார்புக்கு வந்துவிட்டது. ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டிலுக்கு எட்ட நின்று, என்னைப் பார்க்காமல் கையிலிருந்த அட்டையைப் பார்த்து "எல்லாம் ஓகேவா?" என்று கேட்டார். அட்டை ஒன்றும் சொல்லவில்லை. நீ போனாயா என்று ஒருவரும் கேட்காமலே நம்மை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஒரே ஒரு கேள்வி. எந்தக் கருவியும் வேண்டாம், எந்த மிஷினும் வேண்டாம். கேட்கத் தோன்றவில்லை. பெற்றவள் பட்டுப் புடவையோடு காரில் வந்து இறங்கியிருந்தால் தோன்றியிருக்குமோ என்னவோ.

வீட்டுக்கு வந்தபோது உன் வயிறு தவில் மாதிரி விம்மியிருந்தது. விரலால் தட்டினால் சத்தம் வரும். அண்ணி பார்த்தார். "இதுக்கா மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு இருக்க?" என்று வெற்றிலை வாங்கிவரச் சொன்னார். நம் பக்கத்தில் யாருக்குத்தான் தெரியாது இந்த வைத்தியம்? வெற்றிலைக் காம்பை விளக்கெண்ணெயில் முக்கி, குழந்தையின் இரண்டு காலையும் ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியை ஆசனவாயில் லேசாக வைப்பது. அண்ணி வைத்தார். எடுத்தார். அவ்வளவுதான், காற்றும் மலமுமாகப் பீச்சியடித்தது. அண்ணியின் புடவை, பாய், சுவர் எல்லாம் நாசம். உன் வயிறு கண்ணெதிரே தணிந்தது. நீ பெருமூச்சு விட்டுத் தூங்கினாய். அண்ணி தன் புடவையைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தெருவே எட்டிப் பார்த்தது.

"பொறந்ததும் பொறக்காததுமா மருமவன் அத்தைக்குச் சீர் செஞ்சிட்டான் பாருடி!"

நானும் சிரித்தேன். அதுதான் எங்களை ஏமாற்றியது. காம்பு பலிக்காமல் போயிருந்தால் அன்றைக்கே உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அது பலித்தது. ஒவ்வொரு தடவையும் பலித்தது. வயிறு உப்பும், காம்பு வைப்பார், பீச்சியடிக்கும், தணியும், மறுபடி உப்பும். அண்ணி கைராசிக்காரர் என்று தெருவில் பேர் வந்துவிட்டது. வேறு குழந்தைகளுக்கும் கூப்பிட ஆரம்பித்தார்கள். நடுவில் கழுதைப்பால்காரர் வந்தார், ஒரு சங்கு புகட்டினோம். வசம்பு சுட்டு உரசி நாக்கில் தடவினோம். நீ மட்டும் இளைத்துக்கொண்டே போனாய். கை கால் குச்சி, நடுவில் பானை. ஒரு கிளினிக்குக்கும் போனோம். அவர் உன்மேல் சுற்றியிருந்த துணியைக்கூடப் பிரிக்காமல் "வாயு" என்றார். எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தும் பாலும் குடித்ததும் வெளியே வந்துவிட்டன.

வீட்டில் அதற்குள் காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். காரணம் நான்தான். "கிரகணத்தன்னிக்கி அருவாமணையத் தொட்டியாடி? நெஜத்தச் சொல்லு" என்று அண்ணி தினமும் கேட்பார். நீ வயிற்றில் இருந்தபோது வந்த அந்தக் கிரகணத்தன்று நான் எதைத் தொட்டேன், எதைத் தொடவில்லை என்று யோசித்து யோசித்து, தொட்டேன் என்றே நம்ப ஆரம்பித்தேன். இதை நினைவில் வைத்துக்கொள். பின்னால் இதற்கு வருகிறேன்.

ஒரு நாள் காலையில் நீ பச்சையாக வாந்தி எடுத்தாய். கீரை அரைத்த மாதிரி பச்சை. உடம்பு அனலாகக் கொதித்தது. அண்ணி காம்பு வைத்தார். வந்தது மலமில்லை, அழுகல் நாற்றமடிக்கும் தண்ணீர். முதல் தடவையாக அந்த அம்மாள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். உன் அப்பா லாரியில் எங்கேயோ ஆந்திரா பக்கம் போயிருந்தார். நானும் அண்ணியும் புதுச்சேரி பஸ் ஏறினோம். வழியில் நிற்கும் இடத்திலெல்லாம் அண்ணி கண்டக்டரோடு சண்டை.

"யோவ், ஜல்தி போவச் சொல்லுய்யா. கொழந்த சாவக் கெடக்குது, நீ ஆள் ஏத்திக்கினு இருக்க."

"ஆயா, இது ரூட் பஸ்ஸு ஆயா. நிக்காம போனா என் வேல போயிடும்."

"யார்ரா ஆயா? உன் வயசுக்கு நான் உனக்கு அக்கா. விசில ஊது!"

ஊதினார். அதற்குப் பிறகு கைகாட்டியவர்களையெல்லாம் ரோட்டிலேயே விட்டுவிட்டு பஸ் போனது. பேர் தெரியாத அந்தக் கண்டக்டருக்கும் டிரைவருக்கும் உன் உயிரில் ஒரு பங்கு இருக்கிறது. சட்டத்தை மதித்தவர்கள் இல்லை அவர்கள், அன்றைக்கு மீறியவர்கள். நல்லதெல்லாம் எனக்கு இப்படித்தான் நடந்திருக்கிறது.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் ஒரு பெண். என்னைவிடப் பத்து வயது பெரியவராக இருப்பார். முதல் வேலையாக உன் துணியை முழுவதும் பிரித்தார். வயிற்றைத் தடவிக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"பொறந்ததும் முதல் மோஷன் எப்போ போனான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கேட்க வேண்டிய கேள்வியை இத்தனை நாளுக்கு அப்புறம் ஒருவர் கேட்டுவிட்டார். அண்ணி முந்திக்கொண்டார். அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

"அவன் எங்கங்க தானா போனான்? நான் காம்பு வெச்சாத்தான் போவான்."

டாக்டரின் கை அப்படியே நின்றது. "வெச்சா எப்படி வரும்?"

"பீச்சிக்கினு வரும்ங்க. செவுரு மேல அடிக்கும். அப்பறம் வயிறு வத்திப்பூடும். மறுநாள் மறுபடியும் பழைய மாதிரி."

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "அம்மா, நீங்க சொன்னதுலயே எனக்குப் பாதி தெரிஞ்சிடுச்சு" என்றார். எந்தக் காம்பு எங்களை இத்தனை நாள் ஏமாற்றியதோ அதே காம்புதான் நோயைக் காட்டியும் கொடுத்தது. அண்ணி பீற்றிக்கொள்ளாமல் இருந்திருந்தால் இன்னும் நேரம் ஆகியிருக்கும்.

பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். கீழ்வழியாக மருந்து ஏற்றி ஒன்று எடுத்தார்கள். மலக்குடலிலிருந்து துளி சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். அந்த டாக்டர் என்னை உட்காரவைத்துச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "நீ விழுப்புரமா? ஜங்ஷன்ல சிக்னல் விழலன்னா என்னாகும்? பின்னாடி வர்ற வண்டியெல்லாம் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டின்னு வரிசையா நிக்கும். தண்டவாளம் நல்லாத்தான் இருக்கும். வண்டியும் நல்லாத்தான் இருக்கும். சிக்னல் போட ஆள் இல்ல. உன் பிள்ளைக்கு அதான். குடலோட கடைசித் துண்டுல நரம்பு அணுக்கள் இல்ல. கரு வளரும்போது அதெல்லாம் மேலேருந்து கீழ வரைக்கும் எறங்கி வரணும், பாதியிலயே நின்னுடுச்சு. அந்தத் துண்டு விரியாது, தள்ளாது, இறுக்கமாவே இருக்கும். மேல எல்லாம் தேங்கிடும். காம்பு வெச்சா ஒரு நிமிஷம் தொறக்குது, எடுத்தா மூடிக்குது." தேங்கினது அழுகிக் கிருமி பரவித்தான் உனக்குக் காய்ச்சல் வந்திருந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் ரத்தத்தில் கலந்திருக்கும் என்றார்.

அப்புறம் இன்னொன்று கேட்டார். "உங்க ரெண்டு குடும்பத்துலயும் வேற கொழந்தை ஏதாவது வயிறு உப்பி எறந்திருக்கா?"

"இல்லைங்க" என்றேன். எப்போதும் முந்திக்கொண்டு பேசுகிற அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே யாரிடமோ சொல்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கும் எந்தம்பிக்கும் நடுவுல ஒண்ணு பொறந்துச்சுங்க. ஆம்பளப் பையன். இதே மாதிரி வயிறு ஊதிப் பூட்சி. பேரு கூட வெக்கல. எங்க வீட்ல அதப் பத்தி யாரும் பேசக்கூடாது."

புரிகிறதா? வீட்டில் ஒரு குழந்தை இப்படியே செத்திருக்கிறது. அது தெரிந்த ஒருத்தர் என் பக்கத்தில் உட்கார்ந்து தினமும் அருவாமணையைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார். அவர் கெட்டவர் இல்லை. உன்னை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸையே ஓட்டியவர். பேசக்கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள், பேசவில்லை. உங்கள் வீட்டில் நிலம் நீச்சு எதுவும் வழிவழியாக வரவில்லை. இந்த வாய்மூடல்தான் வந்திருக்கிறது. போனில் நீ "அப்பறம் பாத்துக்கலாம்" என்றபோது எனக்கு உன் குரல் கேட்கவில்லை, உன் வம்சத்தின் குரல் கேட்டது.

உன்னைப் பிழைக்க வைத்த கதை உனக்கு ஓரளவு தெரியும். முதலில் குழாய் விட்டு உப்புத் தண்ணீரால் குடலைக் கழுவினார்கள். காய்ச்சல் அடங்கியதும் இடது வயிற்றில் துளை போட்டு நல்ல குடலை வெளியே கொண்டுவந்து வைத்தார்கள். சிவப்பாக, ஈரமாக, ரோஜா மொக்கு மாதிரி இருக்கும். மலம் அந்த வழியாக வரும். முதலில் பார்த்தபோது உன் அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பங்காளி ஒருத்தர் பார்க்க வந்தார், பழச்சீப்பும் கையுமாக. கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, "சின்ன வயசு உங்களுக்கு. இத இப்டியே வுட்டுட்டு இன்னொண்ணு பெத்துக்கோங்கம்மா" என்றார். நான் கேட்டேன்: "நீங்க படுத்துட்டா பெரிம்மாவ இன்னொருத்தரக் கட்டிக்கச் சொல்லலாமா பெரிப்பா?" பழத்தை வைத்துவிட்டுப் போனவர் அப்புறம் நம் வீட்டுப் படி ஏறவில்லை. பழம் நன்றாக இருந்தது.

வயிற்றில் ஒட்டுகிற பைகள் நமக்குக் கிடைக்கவில்லை. பழைய வேட்டியைக் கிழித்து மடித்துக் கட்டுவேன். நாள் முழுக்கத் துணி மாற்றுவது, துவைப்பது, உன் வயிற்றுத் தோல் வெந்துபோகாமல் எண்ணெய் தடவுவது. விழுப்புரத்தில் வாடகை வீடு. துணிகளை வாசல் கொடியில்தான் காயப்போடுவேன், வெயில் அங்கேதான் நன்றாக விழும். வீட்டுக்காரம்மா வந்து நின்றார். "பின்னாடி போடக்கூடாதா? வர்றவங்க போறவங்க பாக்கறாங்க, ஒரே பேஜாரா இருக்குது." நான் சொன்னேன், "பாக்கட்டும்க்கா. எம்புள்ள இன்னிக்கும் வெளிக்குப் போயிருக்கான்னு தெரிஞ்சிக்கட்டும்." அடுத்த மாதம் வீடு மாறினோம். புது வீட்டிலும் வாசலில்தான் காயப்போட்டேன்.

நீ ஒரு வயதைத் தாண்டியதும் நரம்பில்லாத துண்டை வெட்டி எடுத்து நல்ல குடலைக் கீழே இழுத்துத் தைத்தார்கள். அது ஆறியதும் வயிற்றுத் துளையை மூடினார்கள். நடுவில், தைத்த இடம் சுருங்கிவிடாமல் இருக்க வழவழப்பான எஃகுக் குச்சியை வைத்து தினமும் விரிவாக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். உன் அப்பா கால்களைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார், நான் செய்வேன். நீ அலறுவாய், என் தலைமுடியைப் பிடித்து இழுப்பாய், பேச்சு வந்த புதிதில் என்னைக் "கெட்ட அம்மா" என்றாய். ஆமாம், கெட்ட அம்மாதான். நல்ல அம்மாவாக இருந்திருந்தால் இரக்கப்பட்டு விட்டிருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் உனக்குச் சில சமயம் அடக்க முடியாமல் டவுசரில் போய்விடும். பிள்ளைகளுக்கான கக்கூசில் தண்ணீர் இல்லை, கதவும் இல்லை. வாத்தியார்கள் கக்கூசில் இரண்டும் இருந்தன, பூட்டும் இருந்தது. நான் ஹெட்மாஸ்டர் அறையில் போய் உட்கார்ந்தேன். "இதெல்லாம் ஸ்பெஷல் ஸ்கூல்ல சேக்கற கேஸும்மா" என்றார். "அவனுக்குக் கணக்கு வருது, தமிழ் வருது, பீயும் வருது சார். மத்த புள்ளைங்களுக்கும் வருது. உங்க ஸ்கூல்லதான் அதுக்கு எடமில்ல" என்றேன். அந்தப் பூட்டுக்கு இன்னொரு சாவி போட்டு உன் கழுத்தில் கயிற்றில் மாட்டிவிட்டுத்தான் வந்தேன். பிள்ளைகள் உன்னைச் 'சாவி' என்று கூப்பிட்டதும், நீ அழுதுகொண்டு வந்து "இனிமே நீ ஸ்கூலுக்கு வராதம்மா" என்றதும் எனக்கு மறக்கவில்லை. உன் மௌனம் அங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். நான் வாசலில் துணி காயப்போட்டேன், அந்தத் துணி உன்னுடையது. சண்டை எனக்கு, கூச்சம் உனக்கு. புரிகிறது. ஆனாலும் அந்தச் சாவியை நான் திரும்பக் கொடுத்திருக்க மாட்டேன்.

இப்போது நீ சொல்லும் காரணங்களுக்கு வருகிறேன். "ஸ்கேன்ல எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாங்கம்மா." இந்தக் கோளாறு பெரும்பாலும் ஸ்கேனில் தெரியாது. கை கால் இதயம் தெரியும், நரம்பு அணு தெரியாது. பிறந்த பிறகு வயிற்றையும் மலத்தையும் பார்த்துத்தான் சந்தேகப்பட வேண்டும். "வராம கூட இருக்கலாம் இல்ல?" ஆமாம், இருக்கலாம். பெரும்பாலும் வராது. மற்ற குழந்தைகளைவிட உன் குழந்தைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்துக்காகத்தான் சொல்லச் சொல்கிறேன். "அவங்க வீட்ல தப்பா நெனப்பாங்க." நினைக்கட்டுமே! ஒரு முழங்கை நீளம் குடல் இல்லாதவனுக்குப் பெண் கொடுத்துவிட்டோமே என்று நினைப்பார்களா? அந்தக் குறைந்த குடலோடுதான் நீ டிப்ளமோ முடித்து, வேலைக்குப் போய், அவர்கள் வீட்டில் கறிவிருந்தும் சாப்பிட்டு ஏப்பம் விட்டாய்.

நீ யோசிக்காத ஒன்று இருக்கிறது. நீ சொல்லாமல் விட்டு, குழந்தைக்கு அது வந்துவிட்டால் என்ன நடக்கும்? திண்டிவனத்தில் யாராவது ஒருத்தி வெற்றிலையும் விளக்கெண்ணெயுமாக வருவாள். காம்பு பலிக்கும். எல்லோரும் சிரிப்பார்கள். நாட்கள் போகும். பிறகு சரண்யாவிடம் கேட்பார்கள்: கிரகணத்தன்று என்ன செய்தாய், என்ன தின்றாய், எதைத் தொட்டாய். உன் பெண்டாட்டி இரவும் பகலும் யோசித்து, தான்தான் ஏதோ செய்துவிட்டோம் என்று நம்ப ஆரம்பிப்பாள். நீ பக்கத்தில் நின்றுகொண்டிருப்பாய், இடது பக்கத் தழும்பைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு. அந்த இடத்தில் நான் நின்றிருக்கிறேன். இன்னொரு பெண்ணை அங்கே நிற்க வைக்க, நீ என் மகனாகவே இருந்தாலும், விடமாட்டேன்.

செய்ய வேண்டியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. அவளிடம் சொல். அவளோடு போய் டாக்டரிடம் சொல், "குழந்தையோட அப்பாவுக்குப் பிறவியிலேயே குடல் கோளாறு, ஆபரேஷன் ஆயிருக்கு" என்று அவள் அட்டையில் எழுத வை. எழுதவில்லை என்றால் எழுதும் வரைக்கும் அங்கேயே நில். பிள்ளை பிறந்ததும் துணியை முழுவதும் பிரித்துப் பார்க்கச் சொல். சில குழந்தைகளுக்கு ஆசனவாயே திறந்திருக்காது, அதையும் பார்க்காமல் விட்டவர்கள் உண்டு. ஒரு நாளைக்குள் முதல் மலம் போகிறதா என்று பார். போகவில்லை என்றாலோ, வயிறு விம்மினாலோ, வாந்தி பச்சையாக இருந்தாலோ, குழந்தைகளுக்கு ஆபரேஷன் செய்கிற டாக்டர் இருக்கும் ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்பு. காம்பு வேண்டாம், சோப்புத் துண்டு வேண்டாம், விளக்கெண்ணெய் வேண்டாம், கழுதைப்பால் வேண்டாம். இன்றைக்குச் சீக்கிரம் கண்டுபிடித்தால் நிறையக் குழந்தைகளுக்கு ஒரே ஆபரேஷனில் முடித்துவிடுகிறார்கள், வயிற்றில் துளைகூடப் போடாமல். நீ பட்ட பாட்டை உன் பிள்ளை பட வேண்டியதில்லை. ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க, யாராவது ஒருத்தர் வாயைத் திறந்திருக்க வேண்டும்.

நேற்று உன் அத்தையிடமும் பேசினேன். ஞாயிற்றுக்கிழமைக்குச் சீர்த்தட்டு வைக்கப்போவது அவர்தானே. நீ சொல்ல மறுக்கிறாய் என்று சொன்னேன். திட்டுவார், "பொண்ணு வீட்டுக்குத் தெரிஞ்சா மானம் பூடும்" என்பார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை.

"ஏம்மா, இந்த வாட்டி தட்டுல காம்பக் கிள்ளிட்டுத்தான் வெத்தல வெக்கப்போறேன்" என்றார்.

"அண்ணி, சுபகாரியத்துக்குக் காம்பில்லாத வெத்தல வெப்பாங்களா? சபையில கேப்பாங்களே."

"கேக்கட்டும். அதுக்குத்தாண்டி வெக்கறேன். எங்கூடப் பொறந்தது ஒண்ணு பேரில்லாமப் பூட்சி. அப்ப எனக்கு வெவரம் தெரியாத வயசு, ஆனா பாத்துக்கினுதான் இருந்தேன். இனிமே எவளும் எந்த வூட்லயும் எங்கிட்டக் காம்பு கேக்கக்கூடாது."

ஆக ஞாயிற்றுக்கிழமை பூவுக்கும் பழத்துக்கும் வளையலுக்கும் நடுவில் ஒரு கவுளி வெற்றிலை, ஒன்றில்கூடக் காம்பில்லாமல் மொட்டையாக இருக்கும். உன் மாமியார் வீட்டுப் பெண்கள் மூக்கைச் சுளிப்பார்கள். இது என்ன அபசகுனம் என்று யாராவது கேட்பார்கள். சபையில் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன், உன் அத்தையும் சொல்ல மாட்டார். அது சபைக்கான பதில் இல்லை. நான் சரண்யாவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தத் தட்டைப் பார்த்து எல்லோரையும் போல அவளும் முழித்தால், வளையல் போடும் சாக்கில் குனிந்து அவள் காதில் நானே சொல்லிவிடுவேன். முழிக்காமல், அத்தையைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள் என்றால், நீ சொல்லிவிட்டாய் என்று தெரிந்துகொள்வேன். எப்படியும் அவள் தெரிந்துகொண்டுதான் திண்டிவனத்துக்கு வண்டி ஏறுவாள். யார் வாயால் என்பது மட்டும்தான் மிச்சம். அதை உனக்காக விட்டுவைத்திருக்கிறேன், சனிக்கிழமை வரைக்கும்.

உன் கெட்ட அம்மா